கதவுகள் மட்டும் நின்ற தெரு

எங்கள் தெருவில் கோடைக்கென்று ஒரு வேலை உண்டு. காற்றைத் திட்டுவது.

சித்திரை பிறந்து ஓடை காய்ந்துவிட்டால் மதிய நேரத்தில் புழுதி தானாகச் சுழன்று எழும்பும். சில நாள் ஆள் உயரம், சில நாள் பனை உயரம். சருகு, பாலித்தீன் பை, காயப்போட்ட மிளகாய் என்று கிடைத்ததையெல்லாம் இழுத்துக்கொண்டு தெருவின் நடுவே நடந்து போகும். அதற்குள் பேய் இருக்கிறது என்பது ஊர்ப் பேச்சு. பெண்கள் துடைப்பத்தை எடுத்து அதற்கு நேராக நீட்டி, மூன்று முறை துப்பி, வாயில் வந்ததைச் சொல்லி விரட்டுவார்கள். அதில் எங்கள் அம்மாவை மிஞ்ச ஆளில்லை.

"த்தூ! நாதியத்தவளே, இங்க இன்னாடி வேல உனுக்கு? மலைக்குப் போடி!"

சுழி கொஞ்சம் வளைந்து போய்க் கரும்புக்குள் அடங்கிவிடும். அம்மா துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு, வென்றவள் போல முந்தானையை உதறிக்கொள்வாள்.

நான் சிவில் டிப்ளமோ முடித்து, கள்ளக்குறிச்சியில் ஒரு கட்டட ஒப்பந்தக்காரரிடம் மேற்பார்வை வேலையில் இருந்தேன். தரை சூடேறினால் அதன் மேலிருக்கும் காற்று லேசாகி எழும்பும், எழும்பும்போது சுழலும் என்று அம்மாவிடம் ஒருமுறை விளக்கினேன். முழுதாகக் கேட்டுக்கொண்டாள்.

"சூடு ஏறி மேல போவுதுன்னா தனியாப் போவட்டும். எம்மொளகாய இன்னாத்துக்கு இழுத்துக்கினு போவுது?"

பாடத்தில் இதற்கும் பதில் இருந்தது. சொல்லவில்லை.

எதையும் வரிசைப்படுத்திப் பார்ப்பது என் குணம். எங்கள் தெருவை வரிசைப்படுத்தினால் இப்படி வரும். மேற்கே தூரத்தில் கல்வராயன் மலை. அதற்கு இப்பால் கரும்பு. கரும்பை ஒட்டி ஓடை. ஓடைக்கரையில் ஒற்றை வரிசையாக எங்கள் வீடுகள். வீடுகளுக்கு முன்னால் மண்பாதை, அதைத் தாண்டி மறுபடியும் கரும்பு, அதன் முடிவில் வடக்கனந்தல் போகும் தார்ச்சாலை. இரண்டு பக்கக் கரும்பும் ஒருவருடையதே. நடுவில் நாங்கள் இருந்தோம்.

இருந்தோம் என்றால் வெறுமனே இருந்தோம். ஓடைப் புறம்போக்கு, பட்டா கிடையாது. கூலிவேலைக்கு வந்தவர்கள் குடிசை போட்டு, குடிசை செங்கல்லாகி, கூரை தகர ஷீட்டாகி, அப்படியே தெருவாகிவிட்டது. குடியிருக்கும் வரை தெரு, எழுந்து போனால் ஓடைக்கரை. இது எல்லோருக்கும் தெரியும், கரும்புக்காரருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். அவர் கெட்டவர் இல்லை. தெருவில் பாதிப் பேருக்கு வேலை அவருடைய வயலில்தான். ஆனால் மேல்வயல் கரும்பை லாரியில் ஏற்றித் தார்ச்சாலைக்குக் கொண்டுபோக நேர்வழி எங்கள் தெருவுக்குள் இருந்தது. எப்போது வந்தாலும் வரிசை வீடுகளைப் பார்த்து, "நடுவுல ஒரு லாரி போற அளவு இருந்தா போதும், ஹூம்" என்று பெருமூச்சு விட்டுவிட்டுப் போவார். அவர் கண் நிற்கும் இடம் எங்கள் வீடு. தெருவின் சரிநடுவில் இருந்தது அதுதான்.

அந்தச் சித்திரைக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்பா கரும்பு வெட்டும் ஆட்களோடு வெளி மாவட்டம் போயிருந்தார். தெருவில் இருந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான். காலையிலிருந்து மலை மிக அருகில் தெரிந்தது. காற்றே இல்லை. மதியத்துக்குப் பிறகு மலைக்கு மேல் மேகம் கத்தரிக்காய் நிறத்தில் திரண்டது. அப்போதுதான் என் தோழியிடமிருந்து போன் வந்தது. பாலிடெக்னிக் விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள், மலைக்காரி. அவள் ஊரில் சிக்னல் கிடைப்பதற்கென்று ஒரு பாறை உண்டு. அதன் மேல் ஏறி நின்றுதான் பேசுவாள்.

"ஏய், ஒரு காத்து எறங்குதுடி. எங்க கடுக்கா மரத்தையெல்லாம் துணி முறுக்கற மாதிரி முறுக்கிப் போட்டுட்டு உங்க பக்கமாத்தான் வந்துக்கினு கீது. வூட்டுக்குள்ள நிக்காத!"

போன் அறுந்தது. வெளியே வந்து பார்த்தேன். மேகத்தின் அடியிலிருந்து, முறுக்கிப் பிழிந்த ஈரப்புடவை போல ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதன் நுனி கரும்புக்குள் இருந்தது. சத்தம் பிறகுதான் வந்தது. கரும்பு ஏற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெருவுக்குள் நுழைகிற சத்தம். முதல் ஆலங்கட்டி பக்கத்து வீட்டுக் கூரையில் விழுந்து தெறித்தது.

அம்மா கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு துடைப்பத்தை எடுத்தாள்.

"எம்மா! இது அது இல்ல! ஓடு!"

"இரு, ஒரு வார்த்த கேட்டுட்டு வரேன்."

முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். ஓடை தார்ச்சாலையைக் கடக்கும் இடத்தில் ஒரு சிறுபாலம் உண்டு. குனிந்தால் நாலைந்து குடும்பம் அடங்கும், நெருக்கியடித்தால் தெருவே அடங்கும். அன்று தெருவே அடங்கியது, சில ஆடுகளோடு. காது அடைத்தது. யாரோ "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது இடிக்குச் சொல்வது, காற்றுக்கு என்ன சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை. வெளியே வெளிச்சம் போயிற்று. மறுபடி வந்தது. வெளியே போகலாம் என்று எழுந்தபோது இன்னொன்று வந்தது. அது எங்களை விட்டுவிட்டுத் தெற்கே போனது.

அம்மாவின் கையில் துடைப்பம் இன்னும் இருந்தது. பக்கத்து வீட்டு அத்தை அதைப் பார்த்துவிட்டு, அத்தனை நடுக்கத்திலும் சொன்னாள்: "அதுக்கு இந்தத் தொடப்பம் பத்தாது அண்ணி. சங்கராபுரம் சந்தையில பெரிசா ஒண்ணு வாங்கணும்."

அன்று ஒரு காற்று மட்டும் வரவில்லை என்பது மாலையில் தெரிந்தது. சங்கராபுரம் பக்கம் ஒன்று, வடக்கனந்தலுக்கு அப்பால் ஒன்று, மலையில் இரண்டு மூன்று. ஒரே மதியத்தில், ஒரு தாய் பெற்ற பிள்ளைகள் போல, ஆளுக்கொரு திசையில் போயிருக்கின்றன. போனில் பார்த்த தொலைக்காட்சிச் செய்தியில் கீழே ஓடிய வரியில் "சூறைக்காற்று" என்று ஒரே வார்த்தைதான் வந்தது. வாழை சாய்ந்தாலும் அதே வார்த்தைதான் போடுவார்கள்.

பாலத்திலிருந்து வெளியே வந்து தெருவைப் பார்த்தோம்.

போனவை: கூரைகள் எல்லாம், சுவர்கள் பெரும்பாலும், வேப்பமரம், கரண்டுக் கம்பங்கள், கோழிக்கூடுகள். நின்றவை: கதவுகள்.

வரிசையாக, நிலையோடு, ஒவ்வொரு வீட்டின் கதவும் மட்டும் நின்றது. சிலவற்றில் பூட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. கதவின் இரண்டு பக்கமும் ஒன்றுமில்லை. பின்னால் செங்கல் குவியல், அதற்குப் பின்னால் ஓடை, அதற்கும் பின்னால் மலை.  

எனக்குக் காரணம் புரிந்தது. எங்கள் ஆட்கள் வீடு கட்டும்போது எதில் மிச்சம் பிடித்தாலும் வாசக்காலில் பிடிக்க மாட்டார்கள். நல்ல மரம் பார்த்து, நல்ல நாள் பார்த்து, அடியில் நவதானியம் போட்டு, மஞ்சள் பூசி, கடைக்காலுக்குள் ஆழமாக இறக்கி நிறுத்துவார்கள். சுவர் பிறகு வரும், கையில் இருப்பதைப் பொறுத்து. கூரை கடைசியாக வரும், அவசரத்தில். ஷீட்டை ஆணியால் அடித்து மேலே கல்லைத் தூக்கி வைத்தால் வேலை முடிந்தது. கூரை போனதும் சுவருக்குப் பிடிமானம் இல்லை, சாய்ந்தது. கதவு காற்றுக்குக் குறுகலாக நின்று தப்பித்துக்கொண்டது.

அம்மா நேராக எங்கள் கதவிடம் போனாள். இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். பூட்டைத் திறந்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு, வலது காலை எடுத்து வைத்து, உள்ளே போனாள்.

அத்தை சிரித்துவிட்டாள். அழுகையும் சேர்ந்த சிரிப்பு.

"இன்னாடி சிரிப்பு?" என்று அம்மா செங்கல் குவியலுக்கு நடுவே நின்று கேட்டாள். "பின்ன செவுரு ஏறிக் குதிச்சா வூட்டுக்குள்ள போவாங்க?"

"செவுருதான் இல்லியே அண்ணி."

"கதவு கீதில்ல?"

இரவுக்குப் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டார்கள். சோறு வந்தது, பாய் வந்தது. மறுநாள் காலையில் கரும்புக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். அவருடைய கரும்பும் பாதி படுத்திருந்தது. முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை.

"எல்லாரும் உசுரோட கீறீங்க, அது போதும். இங்கயே இருங்க, எங்கயும் போவாதீங்க. நான் ஒரு பொக்லைன் சொல்லிகீறேன். நாளைக்கி வந்து அந்தக் குப்பையெல்லாம் வாரிப் போட்டு, எடத்த சுத்தமா நெரவிக் குடுத்துடும். நீங்க கையில அள்ளினா வைகாசி முடிஞ்சிடும்."

எல்லோருக்கும் மூச்சு வந்தது. அத்தை கையெடுத்துக் கும்பிட்டாள். அம்மா மட்டும் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டாள்.

"நெரவிக் குடுக்கறதுன்னா எப்டிங்க?"

"எப்டின்னா? சமமா. மேடு பள்ளம் இல்லாம."

"கதவுங்கள?"

"அது நின்னா இன்னா பிரயோஜனம்? எடுத்து ஓரமா அடுக்கிடச் சொல்றேன். வேணும்ங்கறப்ப எடுத்துக்கினு போங்க."

அவர் போன பிறகு பள்ளிக்கூட வராந்தாவில் பெரிய வாக்குவாதம். நிரவிய நிலம் என்றால் என்னவென்று நான் சொன்னேன். எந்த மனையிலும் பொக்லைன் ஓடிய மறுநாள் அங்கே எந்த வீடு எங்கே இருந்தது என்று கட்டியவனாலும் காட்ட முடியாது. கடைக்கால் கோடுகூட இருக்காது. லாரி ஓடச் சமதரை, அவ்வளவுதான்.

"அவரு அப்டி நெனச்சி சொல்லல," என்றாள் அத்தை.

"நெனச்சி சொன்னாருன்னு நானும் சொல்லல. நெனைக்காம செஞ்சாலும் எடம் போனது போனதுதான்," என்றேன்.

"அங்க போயி எங்கடி படுப்ப? மறுபடி காத்து வந்தா?"

நியாயமான கேள்வி. தோழி காலையிலேயே சொல்லியிருந்தாள், மலைக்கு மேல் மேகம் கலையவேயில்லை என்று. ஒரு பக்கம் கான்கிரீட் கூரை போட்ட பள்ளிக்கூடம். மறுபக்கம் வெட்டவெளியில் சில கதவுகள். பாதுகாப்பு எங்கே என்று கேட்டால் என் படிப்பு ஒரே பதில்தான் சொல்லும். ஆனால் கேள்வி அதுவல்ல. பள்ளிக்கூடம் ஜூனில் திறந்துவிடும். அப்போது எங்களுக்குத் திரும்பிப் போக ஒரு இடம் இருக்குமா என்பதுதான் கேள்வி.

அம்மா பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். "காத்து வந்தா பாலத்துக்கு அடியில ஓடுவேன். போனா திரும்பி வருவேன். காத்து வந்துட்டுப் போயிடும். பொக்லைன் வந்தா போவாது."

அன்று மாலையே சிலர் எழுந்து வந்தோம். பொழுது சாய்வதற்குள் மற்றவர்களும், ஒருவரைப் பார்த்து ஒருவர். அத்தை கடைசியாக வந்தாள், திட்டிக்கொண்டே. கூரைக்குப் பாரமாக ஏற்றி வைத்திருந்த அவளுடைய ஆட்டுக்கல் விழுந்து கட்டிலின் சரிநடுவில் உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டுத் திட்டை நிறுத்தினாள்.

மறுநாள் விடியலில், வழக்கமாக எழும் நேரத்துக்கு, பெண்கள் எழுந்தார்கள். சாணம் கரைத்தார்கள். ஒவ்வொரு கதவுக்கும் முன்னால் பெருக்கித் தெளித்துக் கோலம் போட்டார்கள். யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. ஆனால் அம்மா அன்று போட்டது பொங்கலுக்குப் போடுகிற அளவு பெரிய கோலம். நிலைக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தாள். மாவிலைக்கு மரம் இல்லை, விழுந்து கிடந்த வேப்பமரத்திலிருந்தே கொத்து ஒடித்துச் செருகினாள். பிறகு கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, உள்ளே, அதாவது பின்னால், செங்கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டி உலை வைத்தாள்.

பொக்லைன் ஓடைக்கரை வழியாக ஆடி ஆடி வந்தது. ஓட்டி வந்தவர் எலவனாசூர்கோட்டைக்காரர், நடுவயது, நெற்றி நிறைய விபூதி. தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார். வரிசையாகக் கோலம், வரிசையாகக் கதவு. இறங்கினார். கோலத்தை மிதிக்காமல் ஓரமாகக் கால் வைத்து நடந்து வந்தார். சரிநடுவில் இருந்த கதவுக்கு முன்னால் வந்து நின்றார். அது எங்களுடையது.

இரண்டு அடி தள்ளி நின்றால் அம்மா முழுதாகத் தெரிவாள். அடுப்பு தெரியும், உலை கொதிப்பது தெரியும், நான் பல் துலக்குவது தெரியும். அவருக்கு அதெல்லாம் தெரிந்தே இருந்திருக்கும். ஆனால் கை தானாகப் போயிற்று. கதவைத் தட்டினார்.

"அம்மா! வூட்ல யாருங்க?"

அம்மா ஊதாங்குழலை வைத்துவிட்டு, அவசரப்படாமல், இருந்த இடத்திலிருந்தே கேட்டாள்:

"யாரு அது?"

"பொக்லைன்காரங்க. எடத்த நெரவணும்னு..."

"இரு, வரேன்." அம்மா எழுந்து, முந்தானையைச் சரிசெய்து, தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் திறந்தாள். "இன்னா வேணும்?"

அவர் தலையைச் சொறிந்தார். "எடம் காலியா கீதுன்னு சொன்னாங்க..."

"காலி வூட்டுக் கதவ யாரு தட்டுவா? நீ ஏன் தட்டின?"

 தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது. அத்தை தன் கதவைத் திறந்து, தலையை மட்டும் வெளியே நீட்டி, "எங்கூட்டுக் கதவையும் தட்டிட்டுப் போப்பா, எங்கூட்டுக்காரரு வந்தா சொல்லிக்கலாம்!" என்றாள்.

அதற்குள் கரும்புக்காரர் வந்துவிட்டார். "இன்னாய்யா, வண்டிய ஆஃப் பண்ணிட்டு நின்னுக்கினு கீற?"

"ஆளுங்க குடியிருக்காங்கங்க."

"எங்கய்யா குடியிருக்காங்க? செவுரே இல்ல!"

"கோலம் போட்டுக் கீதுங்க. வாசல்ல கோலத்து மேல இந்த வண்டிய எப்டிங்க ஏத்துவேன்? எனக்கும் பொண்டாட்டி புள்ள கீதுங்க."

"செவுரு இல்லாத கதவ ஏன்யா தட்டின?"

"கதவு சாத்தி இருந்துச்சுங்க," என்றார் அவர்.   எங்கள் பக்கத்தில் சாத்திய கதவைத் தட்டாமல் யாரும் சுற்றிக்கொண்டு போவதில்லை. கரும்புக்காரரே கூட, பேசும்போது, அம்மா நின்ற வாசலுக்கு வெளியேதான் நின்று பேசினார். உள்ளே ஒரு அடி வைக்கவில்லை.

பொக்லைன் வந்த வழியே பின்னால் போயிற்று. கரும்புக்காரர் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டே சொன்னார்:

"சரி, இருங்க. கூர இல்லாம எத்தினி நாளு இருப்பீங்க? காத்து இன்னும் ஓயல."

அது சாபம் இல்லை. வானிலை. அதனால்தான் எனக்கு உறைத்தது.

என் பங்கு அங்கே ஆரம்பித்தது. கிடைத்த வண்டியில் கள்ளக்குறிச்சி போனேன். இரும்புக்கடையில் கூட்டம் தெருவரை நின்றது. சுற்றுவட்டார ஊர்களெல்லாம் அங்கே இருந்தன. கடைக்காரர் பாய்க்கு என்னை வேலைத்தளச் சாமான் வாங்க வருபவளாகத் தெரியும்.

"இன்னாம்மா, உனுக்கும் ஷீட்டா? காலையிலயே தீந்து போச்சு."

"ஷீட்டு வேணாம் பாய். வேலிக்குக் கட்டுற கெட்டிக் கம்பி வேணும். ஜாஸ்தியா."

"ஷீட்டு இல்லாம கம்பிய வெச்சிக்கினு இன்னா பண்ணப் போற?"

"ஷீட்டெல்லாம் கரும்புக்குள்ள கீது பாய். பொறுக்கிக்கலாம். அது அங்க போனதே கம்பி கம்மியா இருந்ததாலதான்."

பாய் என்னைக் கொஞ்சம் பார்த்தார். பிறகு பின்னால் திரும்பி, "பாப்பாவுக்கு கம்பி உருட்டு எடுத்துப் போடுப்பா" என்று கத்தினார்.

எங்கள் தெருவில் கல்லுக்கு எப்போதும் இடம் கூரைக்கு மேலே. அம்மி, ஆட்டுக்கல், உடைந்த உரல், எது பயன்படவில்லையோ அது ஷீட்டின் மேல் ஏறும். லேசான காற்றுக்கு அது போதும். பெரிய காற்றில் ஷீட்டும் போகும், கல்லும் நம் தலையில் விழும். நான் சொன்னது ஒன்றே ஒன்று: கல் கூரைக்கு மேலே வேண்டாம், கீழே போகட்டும். இடுப்பளவு குழி தோண்டி, கல்லுக்குக் கம்பியைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி, குழிக்குள் இறக்கி மண் போட்டு இடித்து மூடிவிட வேண்டும். கம்பியின் இரண்டு முனையும் வெளியே நிற்கும். அதை, ஷீட்டின் மேல் குறுக்கே போட்ட சவுக்குக் கட்டைக்கு மேல் கொண்டுபோய்க் கடப்பாரையால் முறுக்கிக் கட்டினால், காற்று கூரையைத் தூக்க வேண்டுமென்றால் பூமியிலிருந்து கல்லையும் பிடுங்க வேண்டும்.

எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அத்தை மட்டும் ஆட்டுக்கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"இத்தப் பொதைச்சிட்டு நான் மாவுக்கு எங்கடி போவேன்?"

அம்மா குழிக்குள் நின்றபடியே சொன்னாள்: "கிரைண்டரு வந்ததுல இருந்து அது கூர மேலதான கீது. எந்தக் காலத்துல ஏறி உக்காந்து மாவாட்டின?"

ஆட்டுக்கல் குழிக்குள் போனது.

சுவருக்கு நாங்கள் காத்திருக்கவில்லை; சவுக்குக் கால் ஊன்றி அதன்மேல் ஷீட்டை ஏற்றினோம். கூரை முதலில், சுவர் பிறகு. ஊர் வழக்கத்துக்குத் தலைகீழ். குனிந்து நுழைகிற உயரத்துக்குமேல் எதையும் தூக்க வேண்டாம் என்றேன். கரும்புக்குள் கிடந்த ஷீட்டுகளைப் பெண்கள் தலையில் தூக்கி வந்தார்கள், கல்லை வைத்துத் தட்டி நிமிர்த்தினார்கள். எந்த ஷீட்டு யாருடையது என்று சண்டையும் வந்தது. நீல வண்ணம் பூசிய ஒரு ஷீட்டுக்கு மூன்று பேர் சொந்தம் கொண்டாடினார்கள். கடைசியில் அது மூவருக்கும் இல்லாமல் ஆட்டுக்கொட்டகைக்குப் போனது. கம்பி முறுக்குவதை எல்லோருக்கும் ஒரே மாதிரி சொல்லிக்கொடுத்தேன். ஒரு வீட்டை இரண்டு முறை அவிழ்த்துக் கட்டவைத்தேன். "வாத்திச்சி வந்துட்டா, ஒழுங்கா முறுக்கு" என்று என் காதுபடவே பேசினார்கள். பேசட்டும் என்று விட்டேன்.

மறுநாள் பிற்பகலில் வேலை பெரும்பாலும் முடிந்திருந்தது. கதவுகள் அப்படியே தனியாக நின்றன. சுவர் வந்து சேர்க்கும் வரை நிலைக்கும் கூரைக்கும் தொடர்பில்லை. அதுவும் என் மனதில் இருந்தது. அதற்கு முட்டுக்கொடுக்கக் கட்டை மிச்சமில்லை.

தோழியின் போன் வந்தது. இந்த முறை இரண்டே சொல். "எறங்குது. ஓடு."

பாலத்தடியில் மறுபடியும் தெரு நெருக்கியடித்தது. இந்த முறை யாரும் அர்ச்சுனனைக் கூப்பிடவில்லை. அம்மா வாய்விட்டுத் திட்ட ஆரம்பித்தாள். துடைப்பம் தெருவிலேயே கிடந்தது, வாய் மட்டும் போதும் என்று முடிவுசெய்தவள் போல. "வா, வந்து பாரு! நாங்க பொதைச்சதப் புடுங்கிப் பாரு, உன் யோக்கியதையப் பாக்கலாம்!" அத்தை சேர்ந்துகொண்டாள். பிறகு மற்றவர்கள். அச்சில் ஏற்ற முடியாத சொற்கள் எல்லாம் அந்தச் சிறுபாலத்துக்குள் மோதித் திரும்பின. எனக்கும் தொண்டை கட்டிப்போனது. காற்றுச் சத்தம் எங்களுக்கு மேலே கடந்து போகும் வரை யாரும் நிறுத்தவில்லை. போன பிறகும் கொஞ்சம் திட்டினோம்.

வெளியே வந்தோம். கூரைகள் நின்றன. எல்லாம் இல்லை. தெருக்கோடியில் ஒன்று சுருண்டிருந்தது, இன்னொன்றில் பாதி ஷீட்டு இல்லை. மற்றவை நெளிந்து, கம்பிக்குள் முனகிக்கொண்டு, இருந்த இடத்தில் இருந்தன. எங்கள் கூரை நின்றது.

எங்கள் கதவு விழுந்திருந்தது. பற்றியிருந்த சுவர் போனபின் மழையில் ஊறிய மண்ணால் நிலையைப் பிடித்து வைக்க முடியவில்லை. பூட்டோடு, கோலத்தின் மேல், முகம் குப்புறக் கிடந்தது.

கரும்புக்காரர் அன்று தன் வயலைப் பார்க்க வந்தவர், எங்களையும் பார்க்க வந்தார். கிடந்த கதவைப் பார்த்தார். நின்ற கூரையைப் பார்த்தார். கம்பி ஒன்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அது அசையவில்லை.

"கதவும் போச்சே," என்றார்.

"நேத்து கதவு இருந்துச்சு, அது வூடு," என்றாள் அம்மா. "இன்னிக்கி கூர கீது. இது வூடு."

அவர் கம்பியை விட்டார். பிறகு, குரலைத் தாழ்த்தி, மண்பாதையைக் காட்டினார். "மறுபடி நிறுத்தத்தான போறீங்க. நிறுத்தும்போது ஒரு ரெண்டு அடி உள்ள தள்ளி நிறுத்தினா, எனக்கு வண்டி திரும்ப எடம் கெடைக்கும். ஒரு வார்த்த கேக்கறேன், அவ்ளோதான்."

கேட்கிறேன் என்றார். எனக்கு அந்தச் சொல் போதுமாக இருந்தது. பெருமூச்சு விட்டுப் போகிறவர், சுத்தம் செய்து தருகிறேன் என்றவர், இப்போது அம்மாவிடம் அம்மாவின் வாசலைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்கு அது போதவில்லை. அவர் பக்கவாட்டில், சுவர் இருந்த இடத்துக்குள் நின்றுகொண்டிருந்தார். அம்மா அவருடைய காலைப் பார்த்தாள்.

"அடுப்பங்கரையில நின்னுக்கினு வாசலப் பத்திக் கேக்கறீங்க. இப்டி முன்னால வந்து கேளுங்க."

அவர் குனிந்து தன் காலடியைப் பார்த்தார். அங்கே அடுப்புச் சாம்பல் இருந்தது. சுற்றி வந்தார். நிலை நின்றிருந்த குழிக்கு வெளியே நின்று, மறுபடியும் அதையே கேட்டார்.

அம்மா என்னைப் பார்த்தாள். "நீ இன்னா சொல்ற? படிச்சவ."

"பழைய குழியிலதான் நிக்கணும்," என்றேன். "ரெண்டு அடி தள்ளினா கூரைக்குள்ள போயிடும்."

"கேட்டீங்களா?" என்றாள் அம்மா.

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். மோட்டார் சைக்கிள் எங்கள் வாசலைச் சுற்றிக்கொண்டு போனது.

வேலைத்தளத்தில் மிஞ்சிய சிமெண்டை மேஸ்திரியிடம் கேட்டு வாங்கி வந்திருந்தேன். குழியை இன்னும் ஆழமாக்கினோம். அத்தை நவதானியத்துக்கு அலைந்தாள். அவ்வளவும் கிடைக்கவில்லை, துவரையும் கொள்ளும் எள்ளும் போட்டால் போதும் என்று அம்மா சொல்லிவிட்டாள். தெருப் பெண்கள் நிலையைத் தூக்கி நிறுத்திப் பிடித்துக்கொண்டார்கள். நிலை நேராக நிற்கிறதா என்று பார்க்க நான் தூக்குக்குண்டை மேலிருந்து தொங்கவிட்டேன். மலைப் பக்கமிருந்து காற்று இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. குண்டு ஆடிக்கொண்டே இருந்தது. அது நிற்கும் வரை, கை மாற்றாமல், அப்படியே பிடித்துக்கொண்டு நின்றோம்.